எறும்பு மொய்த்த சுவரொட்டி

"சர்க்காருக்க பாதியும் போச்சு, எனக்க பாதியும் போச்சு சார்!"

சொல்லிக்கொண்டே உள்ளே வந்த பெண் வாசலருகே கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்கு மூன்று கால்கள்தான் நம்பத் தகுந்தவை என்று சொல்லப் புஷ்பபாய் வாயைத் திறப்பதற்குள் நான்காவது கால் தன் குணத்தைக் காட்டிவிட்டது. வந்தவள் தரையில் கிடந்தாள்.

"பயப்படாண்டாம் அக்கா. இங்க கேஸ் கொண்டு வாறவங்க எல்லாரும் முதல்ல ஒருக்க விழுவாங்க. பொறவுதான் எழும்புவாங்க. இந்த ஆபீசுக்க ராசியாக்கும் அது" என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள் புஷ்பபாய்.

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு எதிரே ஜவுளிக்கடை மாடியில் இருந்தது தாணுமாலயனின் துப்பறியும் நிலையம். தாணுமாலயன் முன்பு போலீசில் ரைட்டராக இருந்தவர். மேலதிகாரி சொல்லச் சொல்ல ஒரு பொய்க் கேசை எழுதிக்கொண்டிருந்தபோது அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு வேலையும் போயிற்று. புஷ்பபாய் மிஷன் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங் பரீட்சையில் தேறி, டைப்ரைட்டரே இல்லாத இந்த ஆபீசில் உதவியாளராகச் சேர்ந்தவள். ஏன் சேர்ந்தாய் என்று வீட்டில் கேட்டால், "அங்க இருந்தா சிரிக்கலாம்" என்பாள். அது உண்மையும்கூட.

வந்தவள் பெயர் பிரேமகுமாரி. பாறசாலைக்குத் தெற்கே, தாலுகா எல்லையை ஒட்டிய இஞ்சிவிளைக்காரி. மூக்கைச் சிந்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

கிராமத்தில் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்குச் சர்க்கார் கைகொடுக்கும் திட்டம் ஒன்று வந்திருந்தது. நாம் பாதி முதல் போட்டால் சர்க்கார் மீதிப் பாதியைப் போட்டு மெஷின் வாங்கித் தரும். பிறகு ஒரு நாள் கைத்தொழில் ஆபீசர் வந்து பார்ப்பார். மெஷின் ஓடினால் அது நமக்கே சொந்தம். ஓடவில்லை என்றால் சர்க்கார் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். நாம் போட்ட முதலுக்குக் கோவிந்தாதான். பிரேமகுமாரி காதில் கிடந்த தங்கத்தை எல்லாம் விற்று முதல் போட்டாள். சோடா மெஷின் வந்து இறங்கியது. கைப்பிடிச் சக்கரம் வைத்த இரும்புச் சட்டமும் கேஸ் சிலிண்டருமாக அதை வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு, அக்காள் பிரசவத்துக்காக வெள்ளறடை போனாள். இன்று காலையில் திரும்பி வந்தால் குப்பிகள் அப்படியே இருந்தன, மெஷினைத்தான் காணோம்.

"ஆபீசரு எப்ப வாறாரு?" என்று கேட்டார் தாணுமாலயன்.

"இன்னைக்கு உச்சைக்குப் பொறவு சார்."

"இன்னைக்கா!" புஷ்பபாய்க்கே சிரிப்பு நின்றுவிட்டது.

"வீட்டுல வேற ஆரு உண்டு?"

"அவரு... மலையில எஸ்டேட்டு வேலைக்குப் போயிருக்காரு. இப்ப நானும் அஞ்சாறு கோழியுந்தான்." பிரேமகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "கோழிக்குக்கூட அறிவு உண்டு சார். தொறந்துவிட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா எல்லாம் கூட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கு, கதவு சாத்தி, கொண்டி போட்டு. கள்ளன் பெய மட்டும் ஒரு கூச்சமும் இல்லாம மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான். எனக்கு நல்லாத் தெரியும், இது பாறசாலை பொன்னப்பனுக்க வேலைதான். இந்தப் பக்கத்துல சோடான்னா அவன் ஒருத்தன்தான் இதுவரைக்கும். நான் தொடங்கினா அவனுக்குக் கச்சவடம் போவும்ல்லா?"

தாணுமாலயன் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "கோழிக்கூட்டுக்குக் கொண்டி வெளியிலயா, உள்ளயா?"

"வெளியிலதான்."

"சரி. வா புஷ்பம், போவோம்."

புஷ்பபாய் இந்தக் கேள்வியை அப்போது கவனிக்கவில்லை. கோழி என்றதும் முதலாளிக்கு மத்தியானச் சாப்பாட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தாள்.

*

பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு வாடகை சைக்கிள் எடுக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. துப்பறியும் நிபுணருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. ஆகவே புஷ்பபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள். பின்னால் கேரியரில் தாணுமாலயன் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள். மீதிப் பாதி அரிசிக்கடைத் திண்டில் ஏறி நின்று பார்த்தார்கள்.

"எல்லாரும் நம்மளையே பாக்காவளே புஷ்பம். நாம ரகசியமா விசாரிக்க வந்தவங்களாக்கும்."

"நீங்க குடையை மடக்கினா பாதி ரகசியம் திரும்பக் கிட்டும் சார்."

பிரேமகுமாரி பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருந்தாள். இவர்கள் முதலில் போனது பொன்னப்பனின் சோடாக் கம்பெனிக்கு. பொன்னப்பன் பருத்த ஆள். மெஷின் அறைக்கு எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருப்பான். குப்பி வெடிக்கும், கிட்டே வரக்கூடாது என்று ஊரையே பயமுறுத்தி வைத்திருந்ததால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாறசாலையில் ஒருவருக்கும் தெரியாது.

விஷயத்தைக் கேட்டதும் அவன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "நான் எடுத்தேனா? சார், அங்க குப்பி இருக்கா, போச்சா?"

"குப்பி எல்லாம் அப்படியே இருக்குன்னு சொன்னா."

"கேட்டேளா! நான் எடுத்திருந்தா மெஷினை விட்டுட்டுக் குப்பியைத்தான் எடுத்திருப்பேன். எனக்கிட்ட மெஷின் உண்டு. குப்பிதான் இல்ல. இந்தப் பக்கத்தைத் தமிழகத்தோட சேக்கணும்னு எல்லைக் கூட்டம் நடக்க எடத்துல எல்லாம் சோடாக் குப்பியை எறியுதானுவன்னு போலீசு கண்ட எடத்துல பிடிச்சிட்டுப் போவுது. எனக்க பாதிக் குப்பி அங்கதான் கெடக்கு. இப்ப புதுசா ரகசிய அச்சாபீசு ஒண்ணு உண்டுன்னு ஹெட் கான்ஸ்டபிள் மோகனன் வீடுவீடா மணத்துக்கிட்டு நடக்கான். இந்த 1955-ல சோடா விக்கதுக்குப் பதிலா சுக்குவெள்ளம் விக்கலாம் சார்!"

வெளியே வந்ததும் புஷ்பபாய், "ஆளு சொன்னதுல நியாயம் உண்டு" என்றாள்.

"உண்டு. சோடாக்காரன் எடுக்கல்ல. அப்ப சோடான்னா என்னன்னு தெரியாதவன் எடுத்திருக்கான்."

"சோடா தெரியாத மனுசன் இந்த ஊருல உண்டா சார்?"

"சோடாவைத் தெரியும். மெஷினைத் தெரியாது. மிதி."

*

இஞ்சிவிளைக் கொட்டகையில் தாணுமாலயன் பூட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. வெளியே மாட்டுவண்டித் தடம் தார்ரோட்டில் ஏறி மறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டு" என்றார். உள்ளே மிச்சம் இருந்ததை மட்டும் நிதானமாகப் பார்த்தார். பெட்டி பெட்டியாகக் கோலிக் குப்பிகள். ஒரு சாக்குச் சீனி. எலுமிச்சை மணம் வீசும் நிறமில்லாத பாகு ஒரு ஜாடி.

"இன்னும் என்ன காணல்ல?"

"மெஷின், கேஸ் சிலிண்டர், பொறவு கலர் சோடாவுக்கு வச்சிருந்த சிவப்புப் பாகு ஒரு பரணி" என்றாள் பிரேமகுமாரி. "பின்ன, குப்பி கழுவுத பிரஷ்."

தாணுமாலயன் புஷ்பபாய் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் குறும்பு வந்திருந்தது. "வெள்ளைப் பாகை விட்டுட்டான். சிவப்பை எடுத்தான். சீனியை விட்டுட்டான். பிரஷை எடுத்தான். குப்பியைத் தொடல்ல. சக்கரமும் கைப்பிடியும் வச்ச இரும்பு மெஷினை எடுத்தான். இப்ப நீ கள்ளன். உனக்குச் சோடா மெஷினைத் தெரியாது. சக்கரம், கைப்பிடி, சிவப்பா ஒரு திரவம், பிரஷ். எதை எடுத்துட்டுப் போறதா நீ நெனச்சே?"

புஷ்பபாய் அரை நிமிஷம் யோசித்தாள். பிறகு கொட்டகையே அதிரும்படி கையைத் தட்டினாள். "அச்சு மெஷின்! சிவப்பு மை! எனக்க தம்புரானே, கள்ளன் அச்சாபீசைத் தூக்கிட்டுப் போறதா நெனச்சுச் சோடாக் கம்பெனியைத் தூக்கிட்டுப் போயிருக்கான்!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. பிரேமகுமாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் ஏனோ வெளுத்திருந்தது.

"அச்சு மெஷின் ஆருக்கு வேணும்? எல்லை இயக்கத்துக்காரனுக்குத்தான்" என்றார் தாணுமாலயன். "அவனுவளை எங்க தேட? போலீசு மாசக்கணக்காத் தேடுது, கிட்டல்ல."

"அப்ப நாம?"

"நமக்குத் துப்பு உண்டு. இனிப்பான துப்பு."

*

துப்பு முச்சந்திக் கலுங்குச் சுவரில் இருந்தது. 'பாறசாலை தமிழகத்துக்கே!' என்று பழைய செய்தித்தாளில் தடித்த சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. குப்பி கழுவும் பிரஷால் எழுதியது என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் கம்பளிப்பூச்சி மாதிரி இருபுறமும் மயிர் முளைத்திருந்தது. அந்த எழுத்துக்கள் அசைந்தன. புஷ்பபாய் கண்ணைக் கசக்கிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள். எறும்பு! தலை முதல் வால் வரை ஒவ்வொரு எழுத்திலும் எறும்புகள் வரிசை பிசகாமல் மொய்த்திருந்தன.

தாணுமாலயன் விரலால் ஒரு மூலையைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சார், தமிழ்ப்பற்று உங்களுக்கு இந்த அளவுக்கு உண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"சிவப்புப் பாகுதான். நல்ல ருசி. பிரேமகுமாரி பிழைச்சுக்கிடுவா."

அடுத்த போஸ்டர் ஒரு பீடிக்கடைச் சுவரில் இருந்தது. அதைச் சுவைத்துக்கொண்டிருந்த வெள்ளாடு தமிழகத்தை முழுக்கத் தின்றுவிட்டு, பாறசாலையில் பாதி வரை வந்திருந்தது. பீடிக்கடைக்காரர் ஆட்டை விரட்டிவிட்டு, "எந்தக் கட்சிக்காரனுக்க ஆடுன்னு தெரியல்ல" என்று புலம்பினார்.

சாலை அங்கே இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் போஸ்டர் தெரிந்தது. எந்தப் பக்கம்?

"எறும்பைப் பாரு" என்றார் தாணுமாலயன். "ஒட்டி ரொம்ப நேரம் ஆனதுல எறும்பு கூடுதலா இருக்கும். இப்ப ஒட்டினதுல கொறவா இருக்கும். நமக்கு ஒட்டினவன் வேண்டாம், அவன் பொறப்பட்ட எடம் வேணும். எறும்பு கூடிக்கூடி வாற பக்கம் போவணும்."

"அப்ப கெழக்கு. இஞ்ச பாருங்க, எழுத்தே தெரியல்ல. எறும்பு மட்டுந்தான் போராட்டம் நடத்துது."

கிழக்கே போகப் போக எறும்பு பெருகியது. மரச்சீனி விளைகளைத் தாண்டி, ரப்பர் மரங்களின் நிழலைத் தாண்டி, சைக்கிள் ஒரு மேட்டில் ஏற மறுத்த இடத்தில், கைவிட்ட பழைய ஓட்டுச் சூளை ஒன்று இருந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா முடிந்து விளவங்கோடு தொடங்கும் இடம் அது. சூளைக் கதவில் எறும்புகள் ஒரு கயிறு மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தன.

இருவரும் சுவரின் ஓட்டை வழியாகப் பார்த்தார்கள். உள்ளே ஏழெட்டு ஆண்கள். எல்லார் கையும் முழங்கை வரை சிவப்பு. நடுவில் சோடா மெஷின், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாலை போட்டு நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் அதன் முன்னால் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். அவரைப் புஷ்பபாய்க்குத் தெரியும். வேதமாணிக்கம், எல்லை இயக்கத்தின் பெரிய பேச்சாளர். இந்தச் சர்க்காரின் பஸ்ஸில்கூட ஏறமாட்டேன் என்று சபதம் எடுத்து எங்கும் நடந்தே போகிறவர்.

"எலே, சுத்துங்கலே! இந்த மெஷினிலிருந்து வரப்போற ஒவ்வொரு எழுத்தும் ஒரு குண்டாக்கும்!"

ஒருவன் குப்பி மாட்டும் இடத்தில் காகிதத்தைச் செருகினான். இன்னொருவன் சக்கரத்தைச் சுற்றினான். காகிதம் கசங்கி வெளியே வந்தது.

"எழுத்தைக் காணல்லியே அண்ணாச்சி."

"மை பத்தல்ல. இன்னும் ஊத்து!"

"மைக்கு நல்ல மணம் இருக்கு அண்ணாச்சி."

"தமிழ் மை அப்படித்தாம்லே மணக்கும்!"

புஷ்பபாய் வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அவள் சிரிப்பே அவர்களைக் காட்டிக் கொடுத்திருக்கும். தாணுமாலயன் அவள் காதில், "ஓடு. பிரேமகுமாரியை வண்டி பிடிச்சுக் கூட்டிட்டு வா. குப்பி, வெள்ளைப் பாகு, வெள்ளம், எல்லாம் வேணும். ஆபீசர் வந்தா இங்க அனுப்பச் சொல்லி அடுத்த வீட்டுல சொல்லிட்டு வா" என்றார்.

"மெஷினை மட்டும் எடுத்துட்டுப் போனாப் போதாதா?"

"ஏழெட்டுப் பேருகிட்ட இருந்து அவனுவ உயிரா நெனைக்க சாதனத்தை நானும் நீயும் எடுத்துட்டுப் போவமா? எனக்குச் சைக்கிளே விடத் தெரியாது புஷ்பம்."

இறக்கத்தில் சைக்கிள் பறந்தது. பாதி வழியில் புஷ்பபாய் பிரேக்கைப் பிடித்தாள். பீடிக்கடைச் சுவருக்கு முன்னால் ஹெட் கான்ஸ்டபிள் மோகனன் நின்றுகொண்டிருந்தார். எறும்புகளைப் பார்க்கிறார். கிழக்கே பார்க்கிறார். மறுபடி எறும்புகளைப் பார்க்கிறார்.

*

வண்டிக்காரனை விரட்டி, குப்பிகள் கடகடக்க, புஷ்பபாயும் பிரேமகுமாரியும் சூளைக்குத் திரும்பியபோது மோகனன் அதன் வாசலில் விசிலை எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு போலீசார். விசில் காதைப் பிளந்தது. கதவு உடைந்தது.

"அநங்ஙருது, ஆரும் அசையக்கூடாது! ரகசிய அச்சாபீஸ்! எல்லாவனும் கை பொக்கடா!"

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். பதினைந்து பதினாறு சிவந்த கைகள். மோகனன் முகத்தில் பிரமோஷன் வந்து உட்கார்ந்துவிட்டது.

தூக்கிய கைகளுக்கு நடுவில் ஒருவனைப் பார்த்துப் பிரேமகுமாரி நின்றுவிட்டாள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவன். தாடி வளர்ந்திருந்தது, மெலிந்திருந்தான்.

"நீங்களா?"

"பிரேமா!" அவன் முகம் மலர்ந்தது. போலீஸ் இருப்பதையே மறந்துவிட்டான். "பயப்படாத. நீ இயக்கத்துக்கு அச்சு மெஷின் வாங்கி வச்சிருக்கேன்னு கண்டதும் நான் அழுதுட்டேன் பிள்ளே. அதுக்குக் காதுத் தங்கத்தையும்லா வித்திருக்கே! எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம! இப்படி ஒருத்தி ஆருக்கு வாய்க்கும்!"

மலையில் எஸ்டேட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தடையை மீறிக் கூட்டம் போட்டதற்காகப் போலீஸ் தேடிய நாளிலிருந்து தலைமறைவாக இருந்த அவள் கணவன் சுயம்புதான் அவன். அவனுக்கு இந்தச் சர்க்காரின் பெயரைக் கேட்டாலே பிடிக்காது. அதனால்தான் சர்க்கார் திட்டத்தில் முதல் போட்டதை அவள் அவனிடம் மறைத்திருந்தாள்.

புஷ்பபாய், சுவரோரத்திலிருந்து உள்ளே வந்திருந்த தாணுமாலயனைப் பார்த்தாள். "சாருக்கு முதல்லயே தெரியுமா?"

"கள்ளன் திருடப் போன எடத்துல, மரநாய் பிடிக்காம இருக்கக் கோழியைக் கூட்டுல அடைச்சிட்டு, வெளியில கொண்டியும் போடுவானா? அந்தக் கோழியை இழந்தா வருத்தப்படுதவன்தான் அதைச் செய்வான்" என்றார் அவர் மெதுவாக.

வழக்குச் சாமானாக எடுத்துக்கொள்வதற்காக மோகனன் மெஷின்மேல் கை வைத்தார். "இது தொண்டி. எல்லாவரும் ஸ்டேஷனிலேக்கு நடக்கு!"

"ஐயோ, அது சோடா மெஷின் சார்" என்றார் தாணுமாலயன்.

மோகனனைவிட இயக்கத்துக்காரர்கள்தான் அதிகம் அதிர்ந்தார்கள். வேதமாணிக்கத்தின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"சோடாயோ? சோடா எனக்குத் தெரியாதோ? இது சோடாயாணெங்கில் உண்டாக்கிக் காணிக்கு!" போட்டுக் காட்டச் சொன்னார் மோகனன்.

எல்லார் கண்ணும் பிரேமகுமாரிமேல் திரும்பின. அவள் கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். புஷ்பபாய்க்கு அந்தப் பார்வை புரிந்தது. தங்கம் போயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் மெஷின் போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு போனவன் எதிரே நின்று, நீ எனக்காகச் செய்தாய் என்று சந்தோஷமாக அழுகிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருடன் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மெஷினும் வழக்குச் சாமானாக எந்த மூலையிலோ துருப்பிடிக்கும்.

பிரேமகுமாரி சேலையை இழுத்துச் செருகினாள். மெஷின் மாலையைக் கழற்றி வீசினாள். குப்பியில் பாகும் தண்ணீரும் ஊற்றி, சட்டத்தில் மாட்டி, கேஸைத் திறந்து, "மாறி நில்லுங்க" என்று புருஷனை ஒதுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள். குப்பிக்குள் கோலி எகிறிப்போய்க் கழுத்தில் கிளிக்கென்று ஒட்டிக்கொண்டது. அவள் கட்டைவிரலால் கோலியை அமுக்கினாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது. குப்பியை மோகனனிடம் நீட்டினாள்.

மோகனன் சந்தேகத்தோடு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு முழுவதையும் குடித்தார். பிறகு, காக்கிச் சட்டையின் ஆழத்திலிருந்து, யாராலும் மறுக்க முடியாத ஒரு ஏப்பம் வந்தது. சூளையின் கூரையில் இருந்த புறா பறந்துபோயிற்று.

"சோடா தன்னே" என்றார், வருத்தத்தோடு.

ஆனால் விடுவதாக இல்லை. "மெஷின் சோடா. சம்மதிச்சு. இவன்மாரு ஆரு?"

அந்த நேரம் பார்த்து வெளியே ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட கைத்தொழில் ஆபீசர், பையோடு இறங்கி வந்தார். நுரை வழியும் குப்பியைப் பார்த்தார், ஓடும் மெஷினைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் விரிந்தது.

"பிரமாதம்! போன மாசம் நான் பார்த்த யூனிட் எல்லாத்திலயும் மெஷின்தான் இருந்தது, ஆள் இல்ல. இங்க இவ்வளவு பேருக்கு வேலையா? எல்லாரும் தொழிலாளிகளா?"

மோகனன் மீசையைத் தடவியபடி நின்றார். பதில் சரியாக வராவிட்டால் அத்தனை பேரும் ஸ்டேஷனுக்கு.

"ஆமா சார்" என்றாள் புஷ்பபாய் முந்திக்கொண்டு. "சிவப்புக் கையைப் பாருங்க. கலர் டிப்பார்ட்மெண்டாக்கும்."

"பேரைச் சொல்லுங்க, நீங்க என்ன வேலை?" ஆபீசர் நேராகப் போய் நின்றது வேதமாணிக்கத்திடம்.

அந்தப் பெரிய பேச்சாளர் வாழ்நாளில் பேச்சுக்குத் தடுமாறியது அன்றுதான். போலீசைப் பார்த்தார். தன்னை நம்பி வந்த பையன்களின் தூக்கிய கைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வேதமாணிக்கம்... குப்பி கழுவுதேன்."

"சபாஷ்! இந்த வயசிலயும் உழைக்கிறீங்க. இப்படிப்பட்டவங்களுக்குத்தான் சர்க்கார் திட்டமே."

அடுத்தவன் குப்பி துடைப்பவன் ஆனான். அதற்கு அடுத்தவன் குப்பி அடுக்குபவன். ஒருவன் பதற்றத்தில் "எறும்பு விரட்டுதேன் சார்" என்றான். அதையும் ஆபீசர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். சுயம்பு முறை வந்தபோது அவன் மனைவியைப் பார்த்தான்.

"சக்கரம் சுத்துவாரு. எனக்க வீட்டுக்காரரு" என்றாள் பிரேமகுமாரி.

மோகனன் கடைசி முயற்சியாக, "சாரே, எங்கிலும் இந்த மெஷின் தொண்டியாயிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"இதில் பாதி சர்க்கார் போட்ட முதல், மிஸ்டர்" என்று ஆபீசர் கண்ணாடியைச் சரிசெய்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "இதைப் பிடிச்சா சர்க்கார் சர்க்கார்மேலயே கேஸ் போட்ட மாதிரி. இதோ, நான் ஒப்பு வச்சாச்சு. மாசா மாசம் வந்து பார்ப்பேன், இதே ஆட்கள் இருக்கணும்." மறுபடியும் ஒரு குப்பி சோடா குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். மோகனனும் போலீசாரும் ஆளுக்கொரு குப்பி குடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி இறங்கிப் போனார்கள்.

தூக்கிய கைகள் மெல்லக் கீழே இறங்கின.

சுயம்பு மனைவியின் வெறுங்காதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ எனக்கு வேண்டித்தான் வாங்கினேன்னு நெனச்சேன், பிரேமா."

"எனக்கு வேண்டியாக்கும் வாங்கினேன்" என்றாள் அவள். "நீங்க போன பொறவு நானும் திங்கணும்ல்லா? கோழி முட்டை எத்தனை நாளைக்கு வரும்? சொன்னா சண்டை போடுவீங்க. சொல்லல்ல. போட்டது எனக்க தங்கம். ஓட்டப் போறதும் நான்."

அவன் சக்கரத்தின் கைப்பிடியைத் தன் சட்டையால் துடைத்தான். ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தான். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கமா சுத்தணும்?" என்று கேட்டான். அவள் அவன் கைமேல் கை வைத்துக் காட்டினாள். புஷ்பபாய் வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன புஷ்பம்?"

"கேஸ் சார். மூக்குல ஏறிட்டு."

வேதமாணிக்கம் ஒரு ஓரத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "இந்தச் சர்க்காருக்க பஸ்ஸுல ஏறாதவன் நான். இப்ப அவனுக்க திட்டத்துல குப்பி கழுவணுமா?"

"காலையில எட்டு மணிக்கு வந்திரணும் அண்ணாச்சி" என்றாள் பிரேமகுமாரி. "ஆபீசரு வந்து ஆளை எண்ணுவாரு. கொறஞ்சா மோகனன் வந்து எண்ணுவாரு. சும்மா வேண்டாம், கூலி உண்டு."

பெரியவர் மீசையைக் கடித்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா? ஆராதனைக்குப் போவணும்."

"உண்டு."

"கூட்டம் போடுத அன்னைக்கு?"

"அன்னைக்கு லீவு கெடையாது" என்றாள் பிரேமகுமாரி, அடுத்த குப்பியை மாட்டியபடி. "கூட்டம் எப்ப போட்டாலும் எனக்கிட்ட முன்னாடியே சொல்லிரணும். நீங்க நல்லா ஆவேசமாப் பேசணும், அண்ணாச்சி. ஆளுகளுக்குத் தொண்டை வறளணும்."

வேதமாணிக்கம் அவளை ஒரு கணம் முறைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, குப்பிப் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.